மீசை வைத்த விதவை

டிசம்பர் முப்பத்தொன்று.
எங்கள் குவென்காவில்
சாகக் கிடக்கும் ஆண்டுக்கு
ஆண்கள்தான் மனைவிமார்.

அக்காள் எர்மெலிந்தாவின் கறுப்புக் கவுன்
முதுகில் பூட்டவில்லை; நாலு ஊக்கு.
மார்புக்கு இரண்டு ஆரஞ்சு.
மீசையை எடுக்காதே,
எடுத்தால் வேடம் கெட்டுவிடும் என்றான் பகுந்தோ.
இருபது வருட விதவை அவன்.

தெருவின் குறுக்கே கயிறு பிடித்து
வண்டிகளை மறித்தோம்.
நடைபாதையில் நாற்காலி போட்டு
உட்கார்ந்திருந்தார் என் கணவர்:
மரத்தூள் அடைத்த வயிறு,
காகிதக்கூழ் முகம்,
மார்ச்சில் நான் போட்டிருந்த ஓட்டுநர் சட்டை.

"ஐயோ, போறாரே!
என்னைத் தனியா விட்டுட்டுப் போறாரே!
முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும்
லீவே போடாத மனுஷன்!
பெட்டி வாங்கக் காசு போடுங்க மகராசா!"

டாக்சிக்காரன் பத்து சென்ட் போட்டான்.
ஒரு சிறுமி, பாதி கடித்த மிட்டாய்.
ஒரு பெரியவர் முழு டாலரை நீட்டி
"நல்லா எரியட்டும், என் இடுப்பை முறிச்ச பாவி" என்றார்.
எல்லாருக்கும் அவர் மேல்
ஏதோ ஒரு பாக்கி இருந்தது.

எனக்கும்தான்.
மார்ச் பதினெட்டு, காலை ஏழு இருபது.
இதே மலையின் இறக்கத்தில்
பிரேக்கை மிதித்தேன்.
சேற்றில் கால் வைத்ததுபோல் உள்ளே போனது,
மேலே வரவில்லை.

முப்பத்தொரு பேர்.
முன் சீட்டுக்காரி மடியில் முட்டைத் தட்டு.
கீழே பள்ளிக்கூட வாசல்.
மாதாவைக் கூப்பிட்டேன் என்று
வீட்டில் சொல்லியிருக்கிறேன். பொய்.
வாயில் வந்தது கெட்ட வார்த்தை.

வளைவில் ஒரு மணல் குவியல்.
வீடு கட்டுகிறேன் என்று எவனோ கொட்டிவிட்டு
இரண்டு வருடமாய் மறந்த மணல்.
நகராட்சி மூன்று நோட்டீஸ் ஒட்டியது.
நான் தினமும் அவனைத் திட்டிக்கொண்டே
ஸ்டீயரிங்கை ஒடிப்பேன், அதை விலகி.
அன்றும் ஒடித்தேன்,
அதை நோக்கி.

மணல் எங்களை வாங்கிக்கொண்டது.
அவ்வளவுதான்.
உடைந்தவை பதினேழு முட்டை,
என் முன்பல் ஒன்று.

அப்புறம் விசாரணை,
நாலு மாதம் சம்பளமில்லை,
வாடகைக்காரனின் செருப்புச் சத்தம்,
தூக்கத்தில் மிதித்துக்கொண்டே இருந்த வலது கால்.
எல்லாம் சேர்த்து எரியட்டும் என்றுதான்
சட்டையைக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு ஒரு பிக்கப்
கயிற்றின் முன் நின்றது.
பின்னால் சிமெண்ட் மூட்டைகள், ஒரு நாய்.
"ஏம்மா, புருஷன் எப்படிப் போனார்?"
குடித்துச் செத்தார் என்பது வழக்கமான பதில்.
அதற்குள் பகுந்தோ காதோரம் சொன்னான்:
"செகுந்தினோ. மணல்காரன்."

ஒப்பாரி தொண்டையில் நின்றது.
பிறகு வந்தது,
நான் வைத்திராத இடத்திலிருந்து.
ஊக்கு ஒன்று தெறித்தது.
தெருவே கைதட்டியது:
"இந்த வருஷ விதவை பிரமாதம்!"

அவர் இரண்டு கால் டாலர் எடுத்தார்.
காசை விட்டுவிட்டு
கையைப் பிடித்துக்கொண்டேன்.
"ஐயா, வீடு முடிஞ்சுதா?"
"எங்கே! மணலில் பாதி பஸ்ஸோடு போச்சு,
மீதி மழையில். அடுத்த வருஷம் பார்ப்போம்."
"மெதுவா கட்டுங்க" என்றேன்.
"அவசரமே இல்லை, ஐயா."
நாய் என் ஆரஞ்சை முகர்ந்து பார்த்தது.

பன்னிரண்டுக்கு முன் உயில் வாசித்தார்கள்.
பகுந்தோவுக்கு என் கணவரின் தொப்பை,
மேயருக்கு அவர் பொய்கள்,
எனக்குக் கடன்கள்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் குனிந்து, கடைசி முத்தம்போல,
சட்டைப் பையில் விரல் விட்டேன்.
இரண்டு தடவை துவைத்தும்
மூலையில் இன்னும் கொஞ்சம் நெறுநெறுப்பு.
அதை மட்டும் எடுத்துக் காலுறையில் போட்டுக்கொண்டேன்.

மணி அடித்தது. திராட்சை, பட்டாசு, புகை.
மரத்தூள் நிதானமாக எரிந்தது.
தணல் மேல் ஒவ்வொருவராகத் தாண்டினோம்.
நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாவியபோது
மார்பு ஒன்று கழன்று விழுந்து
இறக்கத்தில் உருண்டது.

யாரும் துரத்தவில்லை.
எல்லாரும் நின்று பார்த்தோம்,
எங்கே போய் நிற்கும் என்று.